மேலாளரைக் கடைசியில் தேடுங்கள்

வாசகர் கேள்வி: 2008இல் மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியைப் பார்த்துவருகிறேன். நீண்டகால மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு முறை மேலாளர் பதவி காலியாகும்போதும் எங்கள் நண்பர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். பட்டங்கள் வென்ற பெரிய பெயர் வேண்டும் என்பார் ஒருவர். கிளப்பின் பழைய வீரர்தான் சரி என்பார் இன்னொருவர். புதுச் சிந்தனையுள்ள இளம் பயிற்சியாளர் என்பது என் கட்சி. நிர்வாகக் குழுவில் நீங்கள் இருந்தால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பீர்கள்? தேர்ந்தெடுத்தவருக்கு எவ்வளவு காலம் கொடுப்பீர்கள்?

பதில்: உங்கள் மூன்று கட்சிகளுக்கும் யுனைடெட் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டது. பெரிய பெயர் கேட்டவர்களுக்கு லூயி வான் ஹாலும் ஜோசே மொரின்யோவும் வந்தார்கள். பழைய வீரர் கேட்டவர்களுக்கு ஓலே குன்னர் சோல்ஷர். உங்கள் கட்சிக்கு, இளைஞர் இல்லையென்றாலும் புதுச் சிந்தனையுள்ள எரிக் டென் ஹாக்கும், இளையவர் ரூபன் அமோரிமும். இவர்களில் ஒருவரையும் திறமையற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். வான் ஹால் 2016இல் எஃப்.ஏ. கோப்பை வென்றார், மொரின்யோ 2017இல் யூரோப்பா லீக் வென்றார், டென் ஹாக் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளைக் கொண்டுவந்தார். அப்படியிருந்தும் 2024-25 சீசனை யுனைடெட் 42 புள்ளிகளுடன் 15ஆம் இடத்தில் முடித்தது. வெவ்வேறு குணமுள்ள இத்தனை பேர் ஒரே இடத்தில் இடறி விழுகிறார்கள் என்றால், முதலில் அந்த இடத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

ஆகவே நிர்வாகக் குழுவில் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் கிளப்பில் வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதுதான். அதற்குத் தெளிவான பதில் இல்லாதவரை எந்தப் பயிற்சியாளரையும் நேர்காணலுக்கு அழைக்க மாட்டேன்.

2013 கோடையில் ஃபெர்குசன் மட்டும் போகவில்லை. வீரர் ஒப்பந்தங்களைப் பேசி முடித்துவந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். டேவிட் மோய்ஸுக்கு ஆறாண்டு ஒப்பந்தம் கொடுத்து உட்காரவைத்தார்கள். வீரர்களை வாங்கி விற்கும் சந்தையில் அவருக்கு உதவ அனுபவமுள்ளவர் எவரும் இல்லை. ஜூலை இறுதிவரை 2.35 கோடி பவுண்டுக்கு வாங்கியிருக்கக்கூடிய மரூவன் ஃபெல்லைனியைச் சந்தை மூடும் நாளில் 2.75 கோடி கொடுத்து வாங்கினார்கள். மோய்ஸின் பங்கும் உண்டு. ஃபெர்குசனுடன் இருந்த மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன் போன்ற துணைப் பயிற்சியாளர்கள் வெளியேறினார்கள். எவர்ட்டனிலிருந்து அவருடைய ஆட்கள் வந்தார்கள். அணியின் நினைவாற்றல் ஒரே கோடையில் அழிந்தது. பத்தே மாதத்தில் அவரை நீக்கினார்கள்.

அதற்குப் பின் நடந்தவை இதே கதையின் பெரிய வடிவங்கள். 2014இல் பிரிட்டனின் சாதனைத் தொகைக்கு வாங்கிய ஆங்கெல் டி மரியா ஒரே சீசனில் பாரிசுக்குப் போய்விட்டார். 2018 கோடையில் மொரின்யோ நடுத் தற்காப்பு வீரர் ஒருவரைக் கேட்டார். கிளப் வாங்கித் தரவில்லை. டிசம்பரில் அவரை நீக்கிவிட்டு, அடுத்த கோடையில் 8 கோடி பவுண்டுக்கு நடுத் தற்காப்பு வீரர் ஹாரி மெக்வயரை வாங்கினார்கள். 2024 கோடையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்; முன்பு நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் அவரிடம் ஆடிய டி லிக்ட்டையும் மஸ்ராவியையும் வாங்கினார்கள்; அக்டோபரில் அவரையே அனுப்பினார்கள். அளவெடுத்தவர் ஒருவர், துணியை வெட்டியவர் இன்னொருவர், தைக்க வந்தவர் மூன்றாமவர். யுனைடெட்டின் அணிப் பட்டியல் பத்தாண்டுகளாக இப்படித்தான் இருந்திருக்கிறது.

அமோரிமின் நியமனத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல மனிதரைத் தவறான நேரத்தில் எடுப்பது எப்படி என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஸ்போர்ட்டிங் லிஸ்பனை 19 ஆண்டுகளுக்குப் பின் போர்ச்சுகல் சாம்பியனாக்கியவர் அவர். மூன்று நடுத் தற்காப்பு வீரர்கள், இரு பக்கமும் மேலும் கீழும் ஓடும் விங்பேக்குகள் என்ற அமைப்பை விட்டுக்கொடுக்காதவர். அவரை எடுப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் யுனைடெட்டில் அந்த வேலைக்குப் பழகிய விங்பேக்குகள் இல்லை. பக்கவாட்டில் நின்று தாக்கும் விங்கர்கள்தான் இருந்தார்கள். சீசன் முடிந்த பிறகு வருகிறேன் என்று அவர் கேட்டதாகவும், இப்போது வராவிட்டால் எப்போதும் இல்லை என்று கிளப் சொன்னதாகவும் அவரே செய்தியாளர்களிடம் கூறினார். டென் ஹாக்குக்குப் பின் 2024 நவம்பரில் வந்தார். ஜனவரிச் சந்தையில் ரேஷ்ஃபோர்டும் அந்தோனியும் கடனாக வேறு கிளப்புகளுக்குப் போனார்கள். இருவருமே விங்கர்கள்.

இப்போது ஜெர்மனியின் பேயர் லெவர்குசனைப் பாருங்கள். 2022 அக்டோபரில் சாபி அலோன்சோ அங்கே போனபோது அணி பதினேழாம் இடத்தில் இருந்தது. அவரும் சீசன் நடுவில்தான் வந்தார். அவரும் மூன்று நடுத் தற்காப்பு வீரர்களைத்தான் நிறுத்தினார். முதன்மை அணி எதையும் அதற்கு முன் அவர் நடத்தியதில்லை. ரியல் சோசியெதாத்தின் இரண்டாம் அணிதான் அவருடைய அனுபவம். ஆனால் யோனதன் தா, தப்சோபா, இன்காபியே என்று நடுத் தற்காப்பு வீரர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். வலப்பக்கம் ஜெரமி ஃப்ரிம்பாங் இருந்தார். அடுத்த கோடையில் விளையாட்டு இயக்குநர் சைமன் ரோல்ஃபெஸின் குழு, இடப்பக்கத்துக்கு கிரிமால்டோவைப் பரிமாற்றத் தொகையே இல்லாமல் கொண்டுவந்தது. நடுக்களத்துக்கு கிரானிட் ஷாகாவை வாங்கியது. 2023-24இல் 28 வெற்றி, 6 சமன், ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மன் பட்டம். அனுபவக் குறைவைப் பற்றிக் கவலைப்படும் உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கிளப்பின் ஆட்டமுறை இது, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் குழு இது என்று முடிவான பிறகுதான் ஆளைப் பார்க்கத் தொடங்குவேன். கோப்பைகளை எண்ணுவதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. அவர் வந்தபோது அணி எங்கே இருந்தது, போனபோது எங்கே இருந்தது என்ற இடைவெளிதான் எனக்கு முக்கியம். யூர்கன் க்ளோப்பிடம் ஜெர்மனியின் டார்ட்மண்ட் வந்துசேர்ந்தபோது அது 13ஆம் இடத்தில் முடித்திருந்த அணி. மூன்றாம் ஆண்டில் சாம்பியன். அவருடைய கடைசி சீசனில் அதே அணி ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. அந்தச் சரிவைப் பார்த்துப் பலர் அவரைச் சந்தேகித்திருப்பார்கள். பின்னர் க்ளோப்பை எடுத்த லிவர்பூலின் ஆய்வுப் பிரிவை நடத்திய இயற்பியலாளர் இயன் கிரஹாம், அந்தச் சீசனின் ஆட்டங்களில் உருவான கோல் வாய்ப்புகளின் தரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். டார்ட்மண்ட் மோசமாக ஆடவில்லை, அதிர்ஷ்டம்தான் கைவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். முடிவுகளுக்கு அடியில் ஆட்டம் எப்படி இருந்தது என்று பார்ப்பது இன்று எந்தக் கிளப்புக்கும் எட்டாத வித்தை அல்ல. பெரிய கிளப் ஒன்று அதைச் செய்யாமல் பெயரைப் பார்த்து ஆளெடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அடுத்தது, தன் கைக்கு வந்த வீரர்களை அவர் வளர்த்தாரா என்பது. புதிதாக வாங்கித் தந்தவர்களை வைத்து வெல்வது வேறு திறமை. சரிந்துகிடக்கும் கிளப்பில் முதல் ஆண்டு முழுவதும் பழைய வீரர்களோடுதான் வாழ வேண்டியிருக்கும்.

பழைய வீரர் கட்சியைச் சேர்ந்த நண்பருக்கு ஒரு வார்த்தை. சோல்ஷர் இடைக்காலப் பொறுப்பில் ஆடிய 19 ஆட்டங்களில் 14இல் வென்றார். சாம்பியன்ஸ் லீக்கில் பாரிஸ் அணியை அதன் மண்ணிலேயே வென்ற அந்த மறக்க முடியாத ஆட்டத்துக்குப் பின், 2019 மார்ச்சில், சீசன் முடியக்கூடக் காத்திருக்காமல் நிரந்தர ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்தச் சீசனின் கடைசி நாளில், கீழ் லீக்குக்குத் தகுதியிறக்கம் ஏற்கெனவே உறுதியாகிவிட்ட கார்டிஃபிடம் சொந்த மண்ணில் 0-2 என்று தோற்றார்கள். இறுக்கமான மேலாளர் போனவுடன் வீரர்களுக்குக் கிடைக்கும் மூச்சுக்காற்று சில வாரங்கள் அணியைத் தூக்கிவிடும். அதை அளவுகோலாக வைத்து மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதக் கூடாது. சோல்ஷர் பின்னர் இரண்டாம் இடம்வரை கொண்டுபோனார் என்பதை மறக்கவில்லை. ஆனாலும் மே மாதம்வரை பொறுத்திருந்தால் கிளப் தெளிந்த கண்ணோடு முடிவெடுத்திருக்கும்.

நேர்காணலில் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: நீங்கள் கேட்கும் வீரருக்குப் பதிலாக வேறொருவரை எங்கள் குழு சொன்னால் என்ன செய்வீர்கள்? 2017இல் லிவர்பூலில் இது உண்மையாகவே நடந்தது. க்ளோப்பின் மனம் ஜெர்மன் வீரர் யூலியன் பிராண்ட் மேல் இருந்தது. விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸின் குழு மொஹமத் சலாதான் சரி என்று விடாமல் வாதாடியது. க்ளோப் ஒப்புக்கொண்டார். அந்தச் சீசனில் சலா லீக்கில் மட்டும் 32 கோல்கள் அடித்தார். ஆளுமை நிறைந்த ஒரு மேலாளர் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தது அந்தக் கிளப்பின் வரலாற்றையே மாற்றியது. இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவர் எத்தனை கோப்பை வென்றிருந்தாலும் நான் நன்றி சொல்லி அனுப்பிவிடுவேன்.

கால அளவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஃபெர்குசனுக்கு முதல் கோப்பை வர மூன்றரை ஆண்டு ஆனதே என்று ஒவ்வொரு மேலாளருக்காகவும் யாராவது வாதாடுகிறார்கள். 1989-90இல் அணி 13ஆம் இடத்தில்தான் முடித்தது, உண்மை. ஆனால் அதற்கு முன்பே அவர் இளையோர் தேடலை அடியோடு மாற்றி அமைத்திருந்தார். ரயன் கிக்ஸை 1987இலேயே கிளப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வெறும் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு நிர்வாகம் பொறுத்திருக்கவில்லை. மைதானத்துக்குப் பின்னால் வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆர்செனலிலும் அப்படித்தான். மிக்கேல் அர்டேட்டா இரண்டு முறை எட்டாம் இடத்தில் முடித்தார். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்று, அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அவரை நீக்க அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? ஆனால் அந்தக் கோடையில் கிளப் வாங்கிய ஆறு பேரும் 23 வயதோ அதற்குக் கீழோ. ஓடகார்டும் பென் வைட்டும் அவர்களில் இருவர். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. 2022-23இலிருந்து தொடர்ந்து மூன்று சீசன்கள் அந்த அணி இரண்டாம் இடம் பிடித்தது.

அதனால் என் பதில் இது: இரண்டு முழுக் கோடைச் சந்தைகள். முதல் ஆண்டில் பட்டியலில் அணி எங்கே நிற்கிறது என்பதை அளவுக்கு மேல் பொருட்படுத்த வேண்டாம். பந்தை இழந்தவுடன் பத்துப் பேரும் ஒரே எண்ணத்தோடு நகர்கிறார்களா, போன ஆண்டு தடுமாறிய வீரர் இந்த ஆண்டு தேறியிருக்கிறாரா, வாங்கப்படும் வீரர்கள் ஒரே ஆட்டமுறைக்குப் பொருந்துகிறார்களா என்று பாருங்கள். இரண்டாம் கோடை கழிந்து பத்து ஆட்டங்கள் ஆன பிறகும் இவற்றில் ஒன்றும் தென்படவில்லை என்றால் மாற்றிவிடலாம், வருந்தத் தேவையில்லை.

மாற்றும்போதும் அதே ஆட்டமுறைக்காரரைத் தேடுங்கள். 2024இல் க்ளோப் விலகியபோது லிவர்பூல் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கிளப்பிலிருந்து ஆர்னே ஸ்லாட்டை அழைத்தது. இருக்கும் வீரர்களுக்குப் பொருந்தும் ஆட்டம் அவருடையது என்பதுதான் அந்தத் தேர்வின் அடிப்படை. அந்தக் கோடையில் முதல் அணிக்கு உடனடியாக வந்து சேர்ந்த புதிய வீரர் ஃபெடெரிகோ கியேசா ஒருவர்தான். நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே லிவர்பூல் லீக் பட்டத்தை வென்றுவிட்டது.