சில ஆயிரம் பேருக்கு மட்டுமே வரும் நோய்க்கு ஒரு கம்பனி ஏன் மருந்து செய்கிறது?

உலகில் மிகச் சிலருக்கே வரும் நோய்க்கு மருந்து செய்ய ஒரு கம்பனி எதற்காக முன்வருகிறது, அதனால் நம்மவர்க்கு ஏதும் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். களுவாஞ்சிகுடியில் உயர்தர உயிரியல் கற்பிப்பவன் என்பதைவிட, கோஷே (Gaucher) என்ற அரிய பரம்பரை நோயுள்ள ஒரு பிள்ளையின் மாமன் என்ற முறையிலேயே பதில் எழுதுகிறேன்.

என் அக்கா மாமி மகனை மணந்தவர். எங்கள் பக்கம் மச்சான் மச்சாள் கலியாணம் புதிதல்ல. பெற்றோர் இருவரும் பழுதான அதே பரம்பரையலகைக் காவினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். மருமகனுக்கு நான்கு வயதில் மண்ணீரல் வீங்கி வயிறு பெருத்தது. மெல்லத் தட்டுப்பட்டாலும் உடம்பு கன்றிப் போனது. பூச்சி மருந்திலும் இரும்புச்சத்துப் பாணியிலும் இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, கொழும்பில் ஒரு குழந்தை வைத்திய நிபுணர் இரத்தத் துளிகளை வடிதாளில் உலர்த்தி நொதியச் சோதனைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியதால்தான் நோயின் பெயர் தெரிந்தது.

கோஷே நோயாளிகளிடம் குறைந்திருப்பது, ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் குளுக்கோசெரிபுரோசிடேசு என்ற ஒரே நொதியம். அமெரிக்காவில் ஆய்வாளர் ரோஸ்கோ பிரேடியின் குழுவினர் 1960களில் இதைக் கண்டறிந்தும், மருந்து வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1983இல் அங்கு வந்த சட்டம், அந்நாட்டில் இரண்டு இலட்சத்துக்கும் குறைவானோருக்கு உள்ள நோயின் மருந்துக்கு ஏழு ஆண்டு விற்பனைத் தனியுரிமை அளித்தது. இந்தப் பாதுகாப்பு இருந்ததாலேயே ஜென்சைம் போன்ற கம்பனிகளுக்குத் துணிவு வந்தது என்பது என் கணிப்பு. 1991இல் அனுமதி பெற்ற, கோஷே நோய்க்கான ஜென்சைமின் முதல் மருந்து மனிதச் சூல்வித்தகத்திலிருந்து (நஞ்சுக்கொடியிலிருந்து) பிரிக்கப்பட்டது. ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்கே ஏறத்தாழ 20,000 சூல்வித்தகங்கள் வேண்டியிருந்தன. பிரித்தெடுத்த நொதியத்தின் சர்க்கரைச் சங்கிலிகளை மேனோசு என்ற சர்க்கரை வெளித்தெரியும்படி சீவினால்தான், உடைபடாத கொழுப்புத் தேங்கிய பெருவிழுங்கிக் கலங்கள் (macrophages) அதை உள்ளிழுத்துக்கொள்ளும். இந்த நுட்பத்தை வகுப்பில் விளக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். 1994 முதல் அந்நொதியம் வெள்ளெலிக் கலங்களில் வளர்க்கப்பட்டது.

விலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயுள் முழுதும் ஏற்ற வேண்டிய மருந்தை எங்கள் குடும்பம் எந்நாளும் வாங்கியிருக்க முடியாது. ஒரே கம்பனியை நம்பியிருப்பதும் ஆபத்து. 2009இல் ஜென்சைமின் பாஸ்டன் ஆலையில் வைரசுத் தொற்று ஏற்பட்டு உற்பத்தி நின்றபோது, உலகெங்கும் நோயாளிகள் மருந்தின் அளவைக் குறைக்க நேர்ந்தது. பின்னர் வேறு கம்பனிகளின் மருந்துகளும் வந்தன. அவற்றுள் 2012இல் அனுமதி பெற்ற ஒன்று கரட் கலங்களில் வளர்க்கப்படுவது.

பயனைக் கேட்டீர்கள். மருமகனுக்கு ஒரு கம்பனியின் மனிதநேயத் திட்டத்தின் மூலம் இரு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றப்படுகிறது. இப்போது பதினொரு வயது. விலா எலும்புக்குக் கீழே தட்டுப்பட்ட மண்ணீரல் இன்று வைத்தியரின் கைக்கு அகப்படுவதில்லை. காரணம் தெரியாமல் வயிறு பெருத்து, குருதிச் சிறுதட்டுகள் குறைந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மண்ணீரலை அகற்றச் சம்மதிக்குமுன் நொதியச் சோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.