கட்டிலைச் சுற்றி உப்பு வட்டம்

கேள்வி: இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறேன். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு மாறி மாறி வரும். ஒரு வருடமாக விக்கா என்னும் நவீன மாந்திரீக வழிபாட்டு வழியைத் தனியாகப் பழகுகிறேன். இரண்டு மாதமாகத் தூக்கத்தில் யாரோ நெஞ்சில் ஏறி அமுக்குவதுபோல் இருக்கிறது. கை கால் அசைவதில்லை. பயந்துபோய், தினமும் கட்டிலைச் சுற்றி உப்பால் வட்டமிட்டு, கரியில் மூலிகை புகைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறேன். காலையில் தலைவலிதான் மிச்சம். ஆவி ஒட்டியிருக்கிறது, 300 பவுண்டு கொடுத்தால் விரட்டுகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தக் கரியை நிறுத்தும்மா. மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது; தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். காலைத் தலைவலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதற்கான அலாரம் ஒன்று வாங்கி மாட்டு. டாக்டரிடம் போகும்போது கரி புகைத்ததையும் மறைக்காமல் சொல்.

அடுத்து, வட்டம். உன் வழியை 1950-களில் வெளியுலகுக்குக் கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆவிகள் உள்ளே வராமல் தடுக்க வட்டம் போட்டவர்கள் பழைய மந்திரவாதிகள். விக்காவில் வட்டம் போடுவதோ, உள்ளே எழுப்பும் சக்தி சிதறாமல் இருக்க. அவர் மரபில் அது 9 அடி விட்டம். பூஜைக்கு முன் போட்டு, முடிந்ததும் நான்கு திசைகளுக்கும் விடைகொடுத்துக் கலைத்துவிட வேண்டும். நீயோ வட்டத்தைக் கலைக்காமல், உன் பயத்தையும் அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாய். அந்த மரபின் கணக்குப்படியே இது சரியில்லை.

நெஞ்சை அமுக்குவதை நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். இங்கிலாந்தில் அது கிழவி. அவள் வராமலிருக்க ஓட்டைக் கல்லைக் கட்டில்மேல் தொங்கவிட்டார்கள். மருத்துவர்கள் தூக்க முடக்கம் என்கிறார்கள். மூளை விழித்துவிடுகிறது, உடல் இன்னும் கனவுநிலையின் அசைவின்மையிலேயே கிடக்கிறது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். உன் ஷிப்டைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒருக்களித்துப் படுத்துப் பார். அடிக்கடி வந்தால் இதையும் அதே டாக்டரிடம் சொல்.

காவலாக ஏதாவது வேண்டும் என்று மனசு கேட்டால், புகையில்லாத வழி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே சூனியத்துக்கு எதிராகப் புட்டி புதைப்பார்கள். 2004-இல் லண்டனின் கிரீனிச் பகுதியில் ஒன்று மூடியபடியே கிடைத்தது. உள்ளே வளைந்த ஆணி, குண்டூசி, நகத்துண்டு, முடி, கந்தகம், சிறுநீர். (சோதித்ததில் நிகோடின் தடயம் வேறு! புகையிலைப் பிரியர் போல.) இப்போதைய விக்காக்காரர்கள் பலர் ரோஸ்மேரி, குண்டூசி, ஒயின் போட்டு அடைத்துவிடுகிறார்கள். நீயும் அப்படியே செய், சிறுநீர் வேண்டாம். தரையில் கொட்டிய உப்பைக் கூட்டிக் குப்பையில் போடு, தோட்டத்தில் கொட்டினால் செடி பட்டுப்போகும்.

300 பவுண்டா? சல்லிக்காசு கொடுக்காதே. கார்ட்னர் மரபில் தீட்சைக்கே பணம் வாங்கக் கூடாது என்பது வழக்கம். பயந்தவளிடம் விலை பேசுகிறவரை வாசலோடு அனுப்பிவிடு.

அப்புறம், சடங்கு முடிந்ததும் கேக்கும் ஒயினும் சாப்பிடுவது உன் வழியிலேயே உண்டு. மனசு தரைக்கு இறங்கத்தான். உனக்கு இரண்டு இட்லி போதும். சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் படு.