வெள்ளைத் தவளையின் வீங்கிய வயிறு

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்குப் பதினொரு வயது. போன வருடம் அவன் பிறந்தநாளுக்கு டவுன் மீன்கடையில் இரண்டு வெள்ளைத் தவளை வாங்கிக் கொடுத்தோம். சிவப்புக் கண், பின்காலில் நகம். எந்நேரமும் தண்ணீருக்குள்ளேதான் இருக்கும். இப்போது பெரியது நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. வயிறு பலூன் மாதிரி வீங்கி மேலே மிதக்கிறது. தொடையிலும் அடிவயிற்றிலும் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி. சின்னதற்குத் தோல் உரிகிறது. உரிந்ததை அதுவே தின்கிறது. மஞ்சள் கரைத்து ஊற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. ஆற்றில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் பக்கத்து லயத்து அண்ணன். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தின் அடியில் மகன் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறான், கவனித்தீர்களோ தெரியாது. “தவளை தண்ணி குடிச்சு நான் பார்த்ததே இல்ல. குடிக்காதா?” என்று கேட்டிருக்கிறான். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அவனுடைய கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் அவனுக்கே முதலில் சொல்கிறேன்.

குடிக்காது. தவளைக்குத் தண்ணீர் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. உங்களிடம் இருக்கும் ஆப்பிரிக்க நகத் தவளை மாதிரி நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பதற்கு இரவு பகலாக உடம்புக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை விடாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சிறுநீரகமோ இதயமோ தோலோ பழுதானால் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கிவிடும். நீங்கள் பலூன் என்று எழுதியது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான்.

சரி, பெரிய தவளையின் விஷயம் அவசரம். வீக்கம், சிவப்புப் புள்ளி, சாப்பாடு இல்லை, மிதக்கிறது என்று நான்கும் சேர்ந்து வந்தால் இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சிவப்புக்கால் நோய் என்பார்கள். ஏரோமோனாஸ் என்ற பக்டீரியாதான் இதில் அதிகம் பேசப்படுவது. அது எங்கிருந்தோ வந்து தொற்றுவதில்லை, சாதாரணத் தண்ணீரிலேயே இருக்கும். தண்ணீர் அழுக்காகி, அல்லது குளிரில் உடம்பு தளர்ந்து, அல்லது தோலில் ஒரு கீறல் விழுந்து தவளை சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே புகுந்துவிடும். வாரக் கணக்கில் பொறுத்துப் பார்க்கும் நோயல்ல இது. நாளைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

வெள்ளைத் தவளையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோலில் நிறமே இல்லாததால் உள்ளே ஓடும் இரத்தம் எப்போதும் இளஞ்சிவப்பாகத் தெரியும். விரல் நுனி ரோஸ் நிறமாக இருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அதனால் இரண்டு தவளையையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னதிலும் அதே ரோஸ் சீராகப் பரவியிருந்தால் அது இயற்கை நிறம். பெரியதன் தொடையின் உள்பக்கத்திலும், பின்காலின் விரல்களுக்கு இடையிலுள்ள சவ்விலும் குங்குமம் தெளித்த மாதிரி தனித்தனிப் புள்ளியோ திட்டோ, புண்ணோ இருந்தால் அது நோய். போனில் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் அதே இடத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்தால் கூடுகிறதா குறைகிறதா என்று டொக்டருக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.

வயிறு வீங்கியதெல்லாம் நோய் என்றும் இல்லை. பெண் தவளைக்கு முட்டை நிறைந்தால் இடுப்புப் பக்கம் பேரிக்காய் மாதிரி அகலும். ஆனால் அது சுறுசுறுப்பாக நீந்தும், நன்றாகச் சாப்பிடும். பெண்ணா என்று பார்க்க, பின்கால்கள் சேரும் இடத்தில் சின்னச் சின்ன மடிப்பு நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று மலச்சிக்கல். தொட்டியில் மீன்கடைக் கலர்க் கல் போட்டிருக்கிறீர்களா? இந்தத் தவளைக்கு நாக்கு கிடையாது. முன்கை இரண்டாலும் கிடைத்ததையெல்லாம் வாய்க்குள் தள்ளும். புழுவோடு கல்லும் போய்க் குடலை அடைக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்று கத்துகிற தவளைக்குச் சொன்னார்கள், விழுங்குகிற தவளைக்கும் அது பொருந்துகிறது. அடைப்பு என்றால் வயிறு தொட்டால் கெட்டியாக இருக்கும், நாள் கணக்கில் மலம் இருக்காது. நீர் கோத்த வயிறோ தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பை மாதிரி மெதுமெதுவென்று ஆடும். தொட்டுப் பார்ப்பதென்றால் ஈரக்கையால் மெதுவாக, ஒரே ஒரு தடவை. அமுக்கிப் பார்க்கக் கூடாது. கல் இருந்தால் இன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளிவிடுங்கள். வெறும் கண்ணாடி அடியே போதும், அல்லது தலையைவிடப் பெரிய உருண்டைக் கல் இரண்டு மூன்று வையுங்கள்.

இன்று இரவு செய்ய வேண்டியது: பெரியதைத் தனியாக்குங்கள். பெரிய ஐஸ்கிரீம் டப்பாவோ, சவர்க்காரம் படாத புது பேசினோ போதும். இது நுரையீரலால் மூச்சு விடும் பிராணி, அடிக்கடி மேலே வந்து காற்று எடுக்க வேண்டும். நோயில் கிடப்பதற்கு நீந்தி ஏறத் தெம்பிருக்காது. அதனால் தண்ணீர் ஆழம் அதன் உடம்பு உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். மூடியில் துளை போட்டு, மூடியைக் கட்டி வையுங்கள். வருத்தக்காரத் தவளையும் பாயும். சாப்பாடு கொடுக்க வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் பழைய தண்ணீரின் சூட்டிலேயே இருக்க வேண்டும்.

மஞ்சளை நிறுத்துங்கள். நமக்குக் காயத்தில் வைத்தால் நல்லதுதான், நானும் வைக்கிறவள்தான். ஆனால் தண்ணீரில் கரைத்தால் அது தவளையின் தோல் வழியே எவ்வளவு உள்ளே போகும் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. டெட்டோல், வேப்பிலைச் சாறு, வீட்டில் மிச்சம் கிடக்கும் அமொக்சிசிலின் மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மீன்கடையில் தரும் மருந்துப் போத்தலிலும் கவனம் தேவை. செம்பு கலந்த மீன் மருந்துகள் உண்டு. மீன் தாங்கும், தவளை தாங்காது. அதே காரணத்துக்காகத் தண்ணீரைப் பித்தளைக் குடத்திலோ செம்புப் பாத்திரத்திலோ ஊறவைக்காமல் பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு ஊற்றுங்கள். மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் என்றால் குளோரின் பயம் இல்லை, வேறொரு பயம் இருக்கிறது. மேல் மலையில் உரம் போட்ட வாரம், புல்லுக்கு மருந்தடித்த வாரம், அதற்குப் பிறகு ஒரு மழை. அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மருந்தடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு வாளி பிடித்து மூடி வைத்துவிடுவது நல்லது. புழு எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். லீக்ஸ், கரட் பாத்தியில் கொழுத்த மண்புழு கிடைக்கும், ஆனால் மருந்தடிக்காத பாத்திதானா என்று கேட்டுக்கொண்டு தோண்டுங்கள்.

காற்றில் வருவதும் தண்ணீரில் இறங்கும். தொட்டி இருக்கும் அறையில் நுளம்புத் திரி கொளுத்துவதும் கரப்பானுக்கு ஸ்பிரே அடிப்பதும் கூடாது. அடுப்படிப் புகையும் வேண்டாம்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்க வேண்டாம். பல வருடங்களுக்கு முன்பு நானும் இப்படி ஒன்றை வளர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு கழுவுகிற மும்முரத்தில் தொட்டியையும் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். ஒரு தடவைதான் அலசினேன். தவளையை விட்டதும் அது முன்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சுற்றிச் சுற்றி ஓடியது. விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டு நான் துணி காயப்போடப் போய்விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் மல்லாந்து கிடக்கிறது. தொட்டிக்குச் சவர்க்காரமே வேண்டாம். சுடுதண்ணீரும் தேய்க்க ஒரு புது ஸ்பொஞ்சும் போதும். அந்த ஸ்பொஞ்ச் வேறு எதற்கும் போகக் கூடாது.

அப்புறம் டொக்டர். அரச மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய் பார்க்கிறவர்கள். முதலில் போன் பண்ணித் தவளை பார்ப்பீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டனிலிருந்து கண்டி பஸ் ஏறினால் பேராதனையில் இறங்கிக்கொள்ளலாம். தண்ணீர் நிரப்பிய டப்பாவோடு பஸ் ஏறாதீர்கள், வளைவுக்கு வளைவு தவளை அடிபடும். டப்பாவில் தொட்டித் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை விரித்து அதில் வையுங்கள். ஈரம் காயாமல் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். தொட்டித் தண்ணீர் ஒரு சின்னப் போத்தலில், போனில் எடுத்த படங்கள், மஞ்சள் எந்த நாளில் எவ்வளவு போட்டீர்கள் என்ற உண்மைக் கணக்கு, எல்லாம் கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டு மஞ்சளை மறைக்காதீர்கள்.

டொக்டர் முதலில் தவளையை நிறுப்பார். மருந்தின் அளவு அதன் எடையைப் பொறுத்ததுதான். அன்டிபயோட்டிக் ஊசி போடலாம், ஊசியால் நீரை எடுக்கலாம். இவ்வளவு முற்றிய பிறகு எல்லாத் தவளையும் பிழைக்காது என்பதையும் மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். பிழைக்காது என்று டொக்டரே சொன்னாலும், வலியில்லாமல் போகட்டும் என்று பிரிட்ஜில் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது நோகாத சாவு இல்லை. அதை டொக்டரிடமே விடுங்கள்.

சின்னதைப் பற்றிப் பயம் வேண்டாம், இப்போதைக்கு. தவளை அவ்வப்போது சட்டை உரிக்கும். வாயைத் திறந்து திறந்து மூடி, கையால் இழுத்து, கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய தோலைக் கழற்றி விழுங்கிவிடும். அதில் சத்து இருக்கிறது, வீணாக்க மனமில்லை. ஆனால் நாள் தவறாமல் துண்டு துண்டாக உரிந்து தண்ணீரில் மிதந்தால், தோல் சொரசொரத்தால், காலைப் பரப்பிக்கொண்டு அசையாமல் கிடந்தால், மல்லாந்து போனால் திரும்பிப் புரள முடியாமல் போனால் அது வேறு கதை. தோலில் புழு இருக்கலாம், கைட்ரிட் என்ற பூஞ்சை இருக்கலாம். பூஞ்சைக்கு இட்ரகொனசோல் கரைசலில் தினம் சில நிமிடம் குளிப்பாட்டும் வைத்தியம் உண்டு. அளவு பிசகினால் மருந்தே கொல்லும் என்பதால் அதுவும் டொக்டர் கையில்தான். பெரியதோடு ஒரே தொட்டியில் இருந்ததால் சின்னதையும் கூட்டிக்கொண்டே போங்கள், ஆனால் வேறு டப்பாவில்.

சின்னதின் சாப்பாட்டையும் பாருங்கள். வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு மூன்று தடவை போதும். கேட்கிறது என்று தினமும் போடுவதில் தண்ணீர்தான் நாறும். ஒரு மணி நேரத்தில் தின்னாததை அள்ளிவிடுங்கள். சோறும் பாணும் அதன் சாப்பாடு இல்லை. வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். நம் மலைக்காற்று இதற்கு உண்மையில் நல்லது. தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த நகத் தவளைக்குப் பதினாறு முதல் இருபத்திரண்டு பாகை செல்சியஸ் பிடிக்கும். கொழும்பில் வளர்க்கிறவர்கள்தான் சூட்டில் கஷ்டப்படுகிறார்கள். ஆனால் ஜனவரி, பெப்ரவரி இரவுக் குளிரில் ஜன்னலோரம் இருக்கும் தொட்டி சட்டென்று குளிர்ந்துவிடும். உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். ஒழுங்காகப் பார்த்தால் பதினைந்து வருடத்துக்கு மேலும் இருக்கும். மகன் கல்யாண வயதுக்கு வரும்வரை யார் தண்ணீர் மாற்றுவது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

தொட்டியில் கைவைத்த பிறகு மகன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். தவளையிடமிருந்து சல்மொனெல்லா வரலாம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த ஏரோமோனாஸும் புகலாம். சமையல் பேசினில் தொட்டியைக் கழுவாதீர்கள்.

கடைசியாக அந்த அண்ணன் சொன்னது. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஆற்றில் விடவே கூடாது, நோயுள்ளதையும் சரி, சுகமானதையும் சரி. 1930களிலிருந்து கர்ப்பம் பார்க்க இந்தத் தவளையைத்தான் உலகமெல்லாம் அனுப்பினார்கள். பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால், கர்ப்பம் என்றால் அரை நாளுக்குள் முட்டையிட்டுவிடும். அப்புறம் சோதனைச்சாலையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் தப்பியதும் விட்டதும் சேர்ந்து சிலியிலும் பிரான்சிலும் சிசிலியிலும் குளம் பிடித்துக் குடியேறிவிட்டது. அங்குள்ள தலைப்பிரட்டைகளைத் தின்கிறது. அதைவிட மோசம், கைட்ரிட் பூஞ்சையைத் தான் நோயில் விழாமலேயே சுமந்து திரியக் கூடியது. அந்தப் பூஞ்சைக்கும் குளிர்ச்சிதான் பிடிக்கும், நம் மலை அதற்கும் தோது. ராத்திரி தேயிலைச் செடிக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று கேட்கிறதே, அந்தப் பெருவிரல் அளவுத் தவளைகளில் பல உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. சிலது தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாக வெளியே வரும். அவற்றில் ஒன்றைப் பிடித்து மகன் தொட்டியில் சேர்க்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டித் தண்ணீரையும் கானில் ஊற்றாதீர்கள். கான் ஓடைக்குப் போகும், ஓடை ஆற்றுக்குப் போகும். ப்ளீச் கலந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பீலிக்கும் ஓடைக்கும் தூரமாக வெயில் படுகிற காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். அந்த வாளியைத் தவளைக்குத் திரும்ப எடுக்க வேண்டாம், வேறு வாளி வைத்துக்கொள்ளுங்கள். எது எந்த வாளி என்று மகனையே பெயின்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.