செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்கும்போது ஒரே மாஸ்டர் சாவி போதுமா?

கானாடுகாத்தானில் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை விடுதியாக்குகிறீர்கள்; எல்லாக் கதவுக்கும் ஒரே மாஸ்டர் சாவி போதுமா என்பது கேள்வி.

போதாது. பூட்டு வாங்கும் முன், யார் எந்தக் கதவைத் திறக்கலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய அறைகளுக்குத் தனித்தனிச் சாவி, அவற்றுக்கு மட்டும் ஹவுஸ்கீப்பிங் மாஸ்டர். இரண்டாங்கட்டுக்கும் (வளவுக்கு அடுத்த பகுதி) அடுப்படிக்கும் வேறு மாஸ்டர். இரண்டுக்கும் மேல், அவை திறக்கும் எல்லாக் கதவையும் திறக்கும் கிராண்ட் மாஸ்டர், மேனேஜரிடம் மட்டும். சாமி அறையையும் பங்காளிகள் சாமான் வைத்திருக்கும் அறைகளையும் இதில் சேர்க்கவே வேண்டாம், அப்புறம் பஞ்சாயத்துதான்.

மாஸ்டர் சாவியில் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? 'பின்' (pin) சிலிண்டர் பூட்டின் ஒவ்வொரு துளையிலும் மேலும் கீழுமாகச் சிறு ஊசிகள் இருக்கும்; சாவி அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். இதில் மாஸ்டருக்காக, மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் நடுவே மெல்லிய வில்லை ஒன்றை வைப்பார்கள். அந்தத் துளை இப்போது இரண்டு உயரங்களில் விட்டுக்கொடுக்கும். ஐந்து துளைகளிலும் இப்படி வைத்தால் 32 வகை வெட்டுள்ள சாவிகள் அந்தப் பூட்டைத் திறக்கும். துளைக்கு இரண்டு வில்லை என்றால் 243! வேறு சாவியும் திறந்துவிடும் வாய்ப்பு கூடும்; அதனால் மாஸ்டர் படிநிலைகளைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள்.

பிற்பாடு மாடி அறைகளையும் விருந்தினருக்குத் திறப்பதாக இருந்தால், அவற்றுக்கான சாவி எண்களை இப்போதே ஒதுக்கச் சொல்லுங்கள். தெருக்கடையில் நகல் எடுக்க முடியாத சாவி வகையாகக் கேளுங்கள். முகப்புத் தேக்குக் கதவில் மட்டும் துளை போட விடாதீர்கள். பழைய பூட்டே இருக்கட்டும்.