பூனை சொல்லாது

வணக்கம்.

எங்கள் பூனை பொம்மிக்கு 17 வயது. சிறுநீரகம் பழுதாகி வருவதாக ஓராண்டுக்கு முன் கண்டுபிடித்தார்கள். இப்போது மூன்றாம் நிலை என்கிறார் மருத்துவர். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறாள். 4.2 கிலோ இருந்தவள் 3.1 கிலோ ஆகிவிட்டாள். ஜன்னல் திண்டில் ஏறுவதை விட்டுவிட்டாள். பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால்தான் படுத்திருக்கிறாள். உணவுக் கிண்ணத்தருகே போகிறாள், மோந்து பார்க்கிறாள், உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறாள். ஆனால் இரவில் படுக்கையில் தூக்கி வைத்தால் என் மார்போடு ஒண்டிக்கொண்டு குர்ர் குர்ர் என்று ஒலியெழுப்புகிறாள். வலி இருந்தால் அப்படிச் செய்வாளா?

சென்ற முறை மருத்துவர், "எதுவரை என்பதையும் யோசித்து வையுங்கள்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஊசியெல்லாம் வேண்டாம், இயற்கையாகப் போகட்டும் என்கிறார் கணவர். உயிரை எடுப்பது பாவம் என்கிறார் அம்மா. பூனை வளர்க்கும் தோழி ஒருத்தி, "நீ ஏன் தவிக்கிறாய், நேரம் வந்தால் அதுவே சொல்லும்" என்றாள். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒருவேளை வலி இருக்குமோ என்று, நாங்கள் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலில் கால் பங்கைப் பொடித்துக் கொடுக்கவும் நினைத்தேன். இன்னும் கொடுக்கவில்லை.

ஊசி போடும் முடிவை எடுக்க எனக்கு உரிமை உண்டா? 9 வயது மகனிடம் என்ன சொல்வது?

வி.

அன்புள்ள வி.,

கொடுக்காதீர்கள். கால் பங்கும் வேண்டாம், அதில் பாதியும் வேண்டாம். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. தேங்கும் நச்சு இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் இரத்தம் பழுப்பாகும், ஈறு நீலம் பாரிக்கும், முகமும் பாதங்களும் வீங்கும். மூன்று கிலோப் பூனையைக் கால் மாத்திரையே கொன்றுவிடக்கூடும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் என்று வீட்டில் கிடக்கும் வேறு எதையும் தொடாதீர்கள். இத்தனை அன்புள்ள ஒருவர் இத்தனை கொடூரமான சாவை மூன்று விரல்களால் பொடித்துக் கொடுத்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கேட்காமல் செய்யவில்லை என்பதற்காக உங்களை மன்னிக்கிறேன்.

அம்மாவின் பாவ புண்ணியத்தை விட்டுவிடுவோம். அது அவர் நம்பிக்கை, அதோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை. கணவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். தடுப்பூசியும் கிண்ணத்தில் உணவும் மூடிய கதவும் கொடுத்து 17 வயது வரை கொண்டுவந்தது எந்த இயற்கை? கடைசி மாதத்தில் மட்டும் அதை ஏன் கூப்பிடுகிறார்? சிறுநீரகம் முற்றிலும் நின்றபின் வரும் இயற்கையான சாவு எப்படியிருக்கும் என்று மருத்துவரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். வாயில் புண், ஓயாத குமட்டல், சில சமயம் வலிப்பு. அது ஒரு மணி நேரத்தில் முடியாது, நாள்கணக்கில் நீளும்.

உங்கள் தோழிக்கு வருகிறேன். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான். "அதுவே சொல்லும்" என்ற வாக்கியத்தோடு நான் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நாய் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள், பூனை வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களைப் பற்றிக்கூடச் சொல்கிறார்கள்: வலித்தால் சொல்ல மாட்டாரா? சொல்ல மாட்டார். வாயுள்ள மனிதரே சொல்லாத வலியை வாயில்லாத ஜீவன் சொல்லும் என்று காத்திருப்பவர்களை எனக்குப் புரியவேயில்லை.

பூனை வேட்டையாடும் விலங்கு. அதே சமயம் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையும்கூட. நொண்டுவதைக் காட்டிக்கொண்ட பூனை காட்டில் பிழைத்திருக்காது. அதனால் வலி வந்தால் அது கத்துவதில்லை, குறைத்துக்கொள்கிறது. குதிப்பதைக் குறைக்கும், முதுகை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைக்கும், நம் கண்ணில் படுவதைக் குறைக்கும். வீட்டில் இருப்பவர்கள், "வயதாகிவிட்டது, சாதுவாகிவிட்டாள்" என்பார்கள். 12 வயதைத் தாண்டிய நூறு பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு! நமக்குத் தெரிந்த கிழட்டுப் பூனைகளில் எத்தனை "எனக்கு மூட்டு வலிக்கிறது" என்று சொல்லியிருக்கின்றன? பொம்மி ஜன்னல் திண்டைக் கைவிட்டதை நீங்கள் ஒரு செய்தியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அது முறையீடு.

பூனையின் உடலுக்குள்ளேயே இந்த மறைப்பு நடக்கிறது. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறுவதைக் காணும் நேரத்தில், சிறுநீரகத்தின் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். மிஞ்சிய கால் பங்கு அதுவரை சத்தமில்லாமல் உழைத்துச் சமாளித்திருக்கும்.

குர்ர் ஒலியைப் பெரிய சாட்சியாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மடியில் சுகமாகக் கிடக்கும் பூனையும் அந்த ஒலியை எழுப்பும். குட்டி ஈனும் பூனையும், எலும்பு முறிந்து பரிசோதனை மேசையில் கிடக்கும் பூனையும், சாகும் பூனையும் எழுப்பும். உங்கள் மார்பின் சூடு அவளுக்குப் பிடிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுக்கு வலியில்லை என்று அதிலிருந்து முடிவுகட்டாதீர்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பூனையின் முகத்தில் வலியைப் படிக்கும் ஓர் அளவுகோலை மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019இல் வெளியிட்டார்கள். ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: காதுகள் விலகிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றனவா, கண்கள் இடுங்கியிருக்கின்றனவா, மூக்கும் வாயும் சேர்ந்த முகப்பகுதி இறுகியிருக்கிறதா, மீசை முடிகள் விறைத்து நிற்கின்றனவா, தலை தோள் மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா. திடீரென வரும் கடும் வலிக்காக உருவானது அது. ஆண்டுக்கணக்கான மூட்டு வலியை முழுதாகக் காட்டிவிடாது. ஆனாலும் ஒரு வாரம் இந்த ஐந்தையும் பார்த்துப் பழகுங்கள். பொம்மியின் முகத்தை இதுவரை எவ்வளவு மேலோட்டமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

என் அத்தை செவிலியாக வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு கிழட்டுக் கடுவன் பூனை இருந்தது, சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. அதற்கும் சிறுநீரகக் கோளாறுதான். அத்தை ஒரு நோட்டுப் போட்டார். வார்டில் நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டையைப் போல, நாள், நேரம், எடை, சாப்பிட்டது, குடித்தது, கழித்தது. "இன்று சோர்வாக இருக்கிறது" என்று நான் எழுதப்போனால் திட்டுவார். "சோர்வு என்பது உன் நினைப்பு. அது என்ன செய்தது, என்ன செய்யவில்லை, அதை எழுது." முதல் பக்கத்தில், அந்தப் பூனைக்கு உயிரான மூன்று காரியங்களை எழுதி வைத்திருந்தார்: காலை வெயில் விழும் இடத்துக்குப் போவது, மாமா வந்தால் வாசலுக்கு ஓடுவது, தன் வாலைத் தானே சுத்தம் செய்வது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தினமும் ஒரு குறி. அப்போது எனக்கு அது இரக்கமற்ற வேலையாகத் தோன்றியது. மடியில் வைத்துக்கொண்டு அழும் மாமாதான் பூனையை நேசிக்கிறார் என்று நினைத்தேன். இரவில் எழுந்து தோலுக்கடியில் திரவம் ஏற்றியது அத்தை. மணல் தட்டின் விளிம்பு உயரமாக இருப்பதால்தான் அது வெளியே சிறுநீர் கழிக்கிறது என்று கண்டுபிடித்து, தட்டின் முன்பக்கத்தை அறுத்துத் தாழ்த்தியதும் அத்தை.

முதலில் வாசலுக்கு ஓடுவது நின்றது, பிறகு வால். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எல்லோரையும் உட்காரவைத்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தார். படித்து முடித்தபோது மாமா எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த நாள் மருத்துவர் வீட்டுக்கே வந்தார்.

அங்கே நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் வாழ்நாள் முழுக்க அந்தக் காட்சியைப் பயத்தோடு சுமக்கிறார்கள். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் தலை அத்தையின் முழங்கையில் சாய்ந்துவிட்டது. பிறகு முன்காலில் கொஞ்சம் முடியை மழித்து, இரத்தக் குழாயில் பென்டோபார்பிட்டால் ஏற்றினார்கள். மயக்க மருந்தாகவே பயன்பட்டு வந்த மருந்துதான் அது. அளவு மிகும்போது மூளை அடங்கி, மூச்சும் இதயமும் நிற்கின்றன. ஓரிரு நிமிடங்கள்தான். கண்கள் மூடவில்லை, பூனைக்கு மூடாது. மருத்துவர் இதயத் துடிப்பு நின்றதை உறுதிசெய்த பிறகு, விலா ஒருமுறை ஏறி இறங்கியது. "உயிர் இருக்கிறது!" என்று நான் கத்தினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அது தசையின் அனிச்சைச் செயல், அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்றார். பொம்மிக்கும் அப்படி நடக்கலாம், நடக்காமலும் போகலாம். சிறுநீர் கசியலாம். தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004இல் வெளியிட்ட அளவீட்டு முறை ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் மதிப்பெண், கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் தொடரலாம் என்பது கணக்கு. மருத்துவர்கள் பலர் அதைத் தருகிறார்கள். பயன்படுத்துங்கள், குறையில்லை. ஆனால் "மகிழ்ச்சிக்கு எத்தனை" என்று கேட்டால் நம் ஆசைக்குத்தான் மதிப்பெண் போடுவோம். ஜன்னலுக்குப் போனாளா என்ற கேள்வியில் அப்படி ஏமாற்ற முடியாது. நான் அத்தையின் நோட்டோடு நிற்கிறேன்.

இப்போது பொம்மி. 4.2இலிருந்து 3.1 என்றால் உடலில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. 60 கிலோ மனிதர் 44 கிலோவாகிவிட்டால் அவரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவீர்களா? கிண்ணத்தை மோந்துவிட்டு உதட்டை நக்கித் திரும்புவதைப் பசியின்மை என்று நினைத்திருப்பீர்கள். அது பெரும்பாலும் குமட்டல். பசி இருக்கிறது, அதனால்தான் கிண்ணம் வரை வருகிறாள். வாசனை பட்டதும் வயிறு புரட்டுகிறது. இதற்கு மருந்து இருக்கிறது. பசியைத் தூண்டவும் மருந்து இருக்கிறது. பூனை தொடர்ந்து சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து இன்னொரு நோய் சேர்ந்துகொள்ளும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். உணவை இளஞ்சூடாக்கிக் கொடுத்துப் பாருங்கள். இரத்த அழுத்தத்தை அளந்தார்களா? சிறுநீரகம் கெட்ட பூனைகளுக்கு அது ஏறுவது வழக்கம். கவனிக்காவிட்டால் விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போய்விடக்கூடும். அதையும் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். மூட்டு வலிக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்காமல் என்ன தரலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இவையெல்லாம் செய்தாகிவிட்டதா இல்லையா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். செய்யக்கூடியதைச் செய்து, பார்க்கவேண்டியதைப் பார்த்தவருக்கு உண்டு. உங்களைத் தவிர அவளுக்காக முடிவெடுக்க இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள்: பொம்மிக்குக் குணமாகாத நோய், மருந்து இனி உதவாத நாள் வந்தால் வலியில்லாமல் சாக மருத்துவர் உதவுவார். தூங்கவைக்கிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவன் இரவில் கண்ணை மூடப் பயப்படுவான். நோட்டில் குறி போடும் வேலையை அவனுக்கே கொடுக்கலாம். 9 வயதுக் கண்கள் நம்மைவிட நன்றாகப் பார்க்கும்.

பொம்மிக்கு உயிரான மூன்றை இன்றே எழுதுங்கள். குமட்டலுக்கும் வலிக்கும் மருந்து தொடங்கி இரண்டு வாரம் பாருங்கள். ஜன்னல் திண்டுக்குக் கீழே ஒரு படி வைத்தால் அவள் மறுபடி ஏறவும் கூடும். அப்படியானால் உங்களுக்கு இன்னும் சில நல்ல மாதங்கள் இருக்கின்றன, அவற்றை அழுது வீணாக்காதீர்கள். மருந்து கொடுத்தும் மூன்றில் இரண்டு நின்றுபோனால் அந்த வாரமே மருத்துவரை அழைத்து நாள் குறியுங்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு, முன்பின் தெரியாத ஒருவரின் மேசைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்படி விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வருவாரா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.