ஸ்பிரிட் விளக்கில் ஓடும் குட்டி எஞ்சினிடம் என்ன வேலை வாங்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் உள்ள ஸ்டிர்லிங் மாடல் (உள்ளே அடைத்த காற்றை ஒரு பக்கம் சூடாக்கி, மறுபக்கம் குளிர்வித்து ஓடும் எஞ்சின்) லோடு இல்லாமல் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. இதில் போன் சார்ஜ் போட முடியுமா சார்?

பதில்: முடியாது. மெதுவாகச் சார்ஜ் ஏறவே 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் வேண்டும். எஞ்சினின் உச்சத் திறனைத் தோராயமாகப் போட பீல் எண் என்று ஒரு கணக்கு உண்டு. பவர் பிஸ்டன் ஒரு வீச்சில் கடக்கும் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரிலும், உள்ளே இருக்கும் சராசரி அழுத்தத்தைப் பாரிலும் (1 பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) எடுத்து, நொடிக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கி, அதை 0.015ஆல் பெருக்குங்கள். 5 கன செ.மீ., 1 பார், 10 சுற்று என்றால் 0.75 வாட். ஆனால் 0.015 என்பது நன்றாக வடிவமைத்த பெரிய எஞ்சினுக்குரிய எண். மேசை மாடலில் அதில் கால்வாசி வந்தாலே நல்ல எஞ்சின். 0.2 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா ஓடும்போது வேகமாக ஓடினால் உராய்வு குறைவு என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கேள்வி: அந்த 0.2 வாட்டை வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

பதில்: நூலும் எடைக்கல்லும் போதும். மேசை விளிம்பில் எஞ்சினை இறுக்கிப் பொருத்தி, 6 மி.மீ. தண்டில் மெல்லிய நூலைச் சுற்றவிட்டு எடையைத் தொங்கவிடுங்கள். 100 கிராமை 1 மீட்டர் தூக்க 0.98 ஜூல் வேண்டும். 5 நொடியில் தூக்கினால் ஏறக்குறைய 0.2 வாட். 20 கிராமில் தொடங்கி எடையைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் வாட் கணக்கிடுங்கள். பொதுவாக லோடு இல்லாத வேகத்தில் பாதியை ஒட்டிய இடத்தில் உச்சம் வரும். எந்த வேலை கொடுத்தாலும் எஞ்சின் அந்த வேகத்தில் ஓடும்படி புல்லியை அமைக்க வேண்டும்.

பலர் ஏமாறுவது ஃப்ளைவீலில், அதாவது தண்டோடு சுழலும் கனமான சக்கரத்தில். 200 கிராம் எடை, விளிம்பு 35 மி.மீ. ஆரம் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்றில் கிட்டத்தட்ட அரை ஜூல் சேமித்து வைத்திருக்கும். மேலே சொன்ன 1 மீட்டர் தூக்கலில் பாதியை அதுவே செய்துவிடும்! ஆகவே ஒன்றரை மீட்டர் உயரம் விட்டு, வேகம் நிலையான பிறகு கடைசி அரை மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்கள்.

கேள்வி: மின்சாரம் எடுக்கப் பொம்மைக் காரின் மோட்டாரை இணைத்தேன். எல்இடி எரியவில்லை, எஞ்சினும் நின்றுவிடுகிறது.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறு. எஞ்சின் நிற்பதற்குக் காரணம் மோட்டாரின் இரும்பு உள்ளகம். தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள், காந்தம் பிடித்துப் பிடித்து விடும். உள்ளகம் இல்லாத கோர்லெஸ் மோட்டாரில் இந்தப் பிடி இருக்காது. அடுத்தது வோல்டேஜ். 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் மோட்டாரை நீங்கள் சுழற்றினால் 1000 சுற்றுக்கு 1 வோல்ட் தரும். எஞ்சின் 600 சுற்று, புல்லி 1:4 என்றால் 2400 சுற்று, 2.4 வோல்ட். சிவப்பு எல்இடிக்கு 1.8 முதல் 2 வோல்ட் போதும், எரியும். வெள்ளைக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், எரியாது. பெல்ட்டாகத் தளர்வான மெல்லிய ரப்பர் வளையம் போடுங்கள். இழுத்துக் கட்டினால் பேரிங்கே பாதியைத் தின்றுவிடும். சுழலும் திசை மாறாததால், மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும் நான்கு டயோடு பிரிட்ஜ் வேண்டாம். அதில் வீணாக இரண்டு டயோடு அளவு வோல்ட் போகும்.

மின்சாரத்தைச் சேமிக்க சூப்பர் கெப்பாசிட்டர் வைக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். காலியான கெப்பாசிட்டர் மோட்டாருக்கு ஷார்ட் சர்க்யூட் மாதிரி. 10 ஓம் சுருள் உள்ள மோட்டார் 2.4 வோல்ட்டில் அரை வாட்டுக்கு மேல் கேட்கும்; எஞ்சின் அங்கேயே படுத்துவிடும். தொடரில் 100 ஓம் போடுங்கள். கூடவே மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும், குறைந்த வோல்ட் மட்டும் வீணாக்கும் ஷாட்கி டயோடு ஒன்று, இல்லாவிட்டால் விளக்கு அணைந்ததும் கெப்பாசிட்டர் மோட்டாரை ஓட்டிக் காலியாகிவிடும்.

கேள்வி: சுடரை உள்ளே உறிஞ்சும் வகை எஞ்சின் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. வால்வு கோளாறா?

பதில்: ஓடிவிட்டு நிற்பதால் சிலிண்டர் சூடேறியிருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டன் வெளியே போகும்போது சுடர் உள்ளே வருகிறது, பயணம் முடியும் தறுவாயில் வால்வு மூடுகிறது, உள்ளே வாயு குளிர்ந்து அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று பிஸ்டனைத் தள்ளுகிறது. சுவர் கொதித்தால் வாயு எங்கே குளிரும்? சிலிண்டரின் வெளியே உள்ள குளிர்விக்கும் துடுப்புகளின் மேல் காற்று படும்படி வையுங்கள். மறுபக்கம், ஜில்லென்ற சிலிண்டரும் ஆகாது: எரிந்த ஸ்பிரிட்டின் நீராவி உள்ளே தண்ணீராகி வால்வை ஒட்டவைக்கும். முதலில் சுடரைக் காட்டி லேசாகச் சூடாக்கிவிட்டு ஓட்டுங்கள். எண்ணெய் விடவே கூடாது, பிசுக்கு பிடிக்கும். கிராஃபைட் தூள் போதும். இந்த வகை பார்க்க அழகு, ஆனால் லோடு தாங்காது. வேலைக்கு ஸ்டிர்லிங்கே மேல்.

கேள்வி: திறனைக் கூட்டப் பெரிய சுடர் வைக்கலாமா?

பதில்: அதைக் கடைசியில் பாருங்கள். ஸ்டிர்லிங்கில் முதலில் பார்க்க வேண்டியது குளிர்ப்பக்கம். எஞ்சின் ஓடும்போதே அந்தப் பக்கத்தில் ஈரத்துணி வையுங்கள். கண்ணாடிச் சிலிண்டராக இருந்தால் மட்டும் வேண்டாம், விரிசல் விடும். வேகம் சட்டென்று கூடினால் உங்கள் குறை சுடரில் இல்லை. பெரிய சுடர் சிலிண்டரின் நடுப்பகுதி வரை நக்கினால் குளிர்ப்பக்கமும் சேர்ந்து சூடாகும். தகரத் தடுப்பு வைத்து நுனி மட்டும் சூடாகும்படி செய்யுங்கள். சுடர் படும் சூட்டுக் குழாய் பித்தளையா? மெல்லிய துருவிலா எஃகுக்கு மாற்றுங்கள், அது பித்தளையைவிட ஏழில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். காற்றைச் சூடான பக்கத்துக்கும் குளிர்ப்பக்கத்துக்கும் மாற்றித் தள்ளும் டிஸ்பிளேசரைச் சுற்றி அரை முதல் 1 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். கண்ணாடிச் சிலிண்டரில் காற்றடைத்து அழுத்தம் ஏற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், வெடிக்கும்.

கேள்வி: அப்படியானால் இதற்குப் பொருந்தும் வேலைதான் என்ன?

பதில்: விசிறி. இருமடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு திறன் கேட்கும் என்பதால், கிளம்பும்போது சுமையே தெரியாது, பிறகு எஞ்சின் தானாக ஒரு வேகத்தில் நின்றுகொள்ளும். மண்ணெண்ணெய் விளக்கில் ஓடும் விசிறிகள் ஒரு காலத்தில் விற்றதற்கும் இதுவே காரணம். தண்ணீர் இறைக்கலாம், ராபர்ட் ஸ்டிர்லிங்கின் எஞ்சினே 1818இல் கல்குவாரியில் அந்த வேலையைத்தான் செய்தது. தண்டில் 0.1 வாட், பம்ப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால், 30 செ.மீ. உயரத்துக்கு நிமிடத்துக்கு 400 மி.லி. வரும். பிஸ்டன் பம்ப் வையுங்கள். இறக்கைப் பம்ப்புக்கு ஆயிரக்கணக்கில் சுற்று வேண்டும்.

கேள்வி: எந்த ஸ்பிரிட் நல்லது?

பதில்: 95 சதவீத எத்தனால். ஐசோபுரொபைல் கரி பிடிக்கும். மணிக்கு 20 மி.லி. எரிந்தால் சுமார் 115 வாட் வெப்பம். வெயிலில் இந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது, அதனால் அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றாதீர்கள்; மூடி போட்டு அணைத்து, விளக்கு ஆறிய பிறகே நிரப்புங்கள்.