புல்மலையில் மரக்கன்று

அன்புள்ள ஐயா,

கோவையில் நாங்கள் பதினைந்து நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கன்று நட்டுவருகிறோம். சென்ற மாதம் நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் போயிருந்தோம். மலை மலையாக வெறும் புல். மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் காடு. இங்கே ஆயிரம் கன்று நட்டால் என்ன என்று அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டதற்கு, "நட்டதெல்லாம் போதும் தம்பி, பிடுங்குறதுக்கு ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார். எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. அமேசான் எரிகிறது, மரம் நடுங்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? சும்மா கிடக்கிற மலையில் மரம் நடுவது எப்படித் தப்பாகும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெரியவரை எனக்குப் பிடித்துவிட்டது. நான் நாலு பக்கத்துக்குச் சொல்லப்போவதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நீங்கள் பார்த்தது காட்டை வெட்டியபின் மிஞ்சிய புல் என்று நினைத்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே சதுப்பில் மக்கிய செடிகொடிகள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. மரமும் வெப்பப் பகுதிப் புல்லும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அதனால் மக்கிய பிறகும் எந்தக் காலத்தில் எது மிகுந்திருந்தது என்று சோதித்துச் சொல்லிவிடலாம். சூழலியல் அறிஞர் ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் அதைச் செய்து 1993இல் வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுக் கதை அது. குளிர்ந்து வறண்ட காலத்தில் புல் பரவியது, ஈரம் கூடியபோது மரம் பரவியது. வெள்ளைக்காரன் வருவதற்கும், உழவு வருவதற்கும் வெகுகாலம் முன்பே அங்கே புல் இருந்தது. மடிப்புகளில் நீங்கள் பார்த்த காட்டுக்குச் சோலை என்று பெயர். திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளைப் பனிக்கால இரவுகளின் உறைபனி கருக்கிவிடும். மடிப்பில் சோலை, மேட்டில் புல் என்ற பங்கீட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ், அதாவது தைலமரம்) வந்தன. முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் என்று மலைமலையாக நட்டார்கள். உங்களைப் போலவே அவர்களுக்கும் அது 'சும்மா கிடந்த' மலைதான். பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், 1973க்கும் 2014க்கும் இடையில் மேல்மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சோலை இழந்தது அதில் பாதி வீதம்கூட இல்லை. காடு அழிந்தால் நமக்குக் கண்ணில் படுகிறது. புல் அழிந்த இடத்தில் மரம் நிற்பதால் பச்சையாகத்தானே இருக்கிறது என்று போய்விடுகிறோம்.

தண்ணீர்க் கணக்கைச் சொன்னால் கோவைக்காரர்களுக்கு உறைக்கும். உதகையிலுள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தார் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டுவிட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டுப் பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட ஓடையில் 16 விழுக்காடு நீர் குறைந்தது. வெட்டித் தழையவிட்ட இரண்டாம் சுற்றில் இன்னும் குறைந்தது. பவானி தொடங்குவது இந்த மலைகளில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரையாடு மேய்வதும், நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பதும் அந்தப் புல்லில்தான். தோடர்கள் கோயில் கூரை வேய்வதற்கென்றே ஒரு புல் உண்டு, அதுவும் இப்போது தேடித்தான் அறுக்க வேண்டியிருக்கிறது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள். நம் மாநில விலங்கு என்று பெயர். சேர்ந்தாற்போல் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துவிடலாம்.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எண்பதுகளில் கல்லூரி முகாமில் நானும் ஒரு கிராமத்து மேய்ச்சல் தரையில் தைலமரக் கன்று நட்டவன். ஆடு மேய்த்த ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஆட்டை எங்கீங்க சாமி ஓட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் விழுகிறது. கணக்குப் புத்தகத்தில் அந்த நிலத்துக்குத் தரிசு என்று பெயர். வரி வராத நிலமெல்லாம் வீண் நிலம் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தது, இன்றும் அரசின் தரிசு நில வரைபடங்களில் இயற்கையான புல்வெளிகள் பல அப்படியே நீடிக்கின்றன. அதே கொங்கு நாட்டில், காங்கேயம் பக்கம், கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேலும் விட்டு, முள்கிளுவை வேலி போட்டுக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைக் காத்தார்களே, அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

அமேசானைக் கேட்டிருந்தீர்கள். அதன் தோளை ஒட்டி, அதே பிரேசிலில், செராடோ என்றொரு புல்வெளிக் காடு இருக்கிறது. ஏறத்தாழ இருபது லட்சம் சதுர கிலோமீட்டர். குட்டை மரங்கள், பல மீட்டர் ஆழம் போகும் வேர்கள். தலைகீழாக வளர்ந்த காடு என்பார்கள். சான் பிரான்சிஸ்கோ ஆற்றுக்குப் பெரும்பகுதி நீர் அங்கிருந்துதான். அதில் பாதி சோயாவுக்கும் மாட்டுக்கும் போய்விட்டது. அமேசானுக்குத் துடிக்கிற உலகம் இதற்கு அவ்வளவாக அசையவில்லை. 2019இல் உலகம் முழுக்க எங்கெல்லாம் மரம் வளர்க்கலாம் என்று கணக்கிட்டு ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. புல்வெளிகளையும் சவான்னாக்களையும் (அங்கங்கே மரம் நிற்கும் புல்வெளிகள்) காலி இடமாக எண்ணிவிட்டீர்களே என்று விஞ்ஞானிகள் பலர் மறுத்து எழுதினார்கள். புல் தன் கரியைப் பெரும்பாலும் மண்ணுக்குள் வைக்கிறது. தீ வந்தாலும் அது அங்கேயே கிடக்கும்.

சரி, சீகையை எல்லாம் வெட்டிவிட்டால் ஆயிற்றா? இல்லை. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் காத்திருக்கும். வெட்டி வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். பழைய தோப்புகள் சிலவற்றில், நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழும்பி வருகின்றன. அங்கே போய் மொட்டையடிப்பது இரண்டாம் முட்டாள்தனம். மிஞ்சியிருக்கும் புல்வெளியை முதலில் காப்பது, அதன் ஓரத்தில் நுழைகிற இளஞ்சீகையை ஆண்டுதோறும் பிடுங்குவது, இதுதான் செலவு குறைந்த வழி என்று எனக்குப் படுகிறது.

எனவே ஞாயிற்றுக்கிழமையை விடாதீர்கள். கோவைத் தெருக்களுக்கு வேம்பும் புங்கனும் இன்னும் எத்தனையோ வேண்டும். மலைக்குப் போவதானால் முறையாக அனுமதி வாங்கி, மழை நின்ற வாரத்தில் போங்கள், ஈரமண்ணில் கன்று வேரோடு வரும். கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். எதைப் பிடுங்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்தப் பெரியவரே காட்டுவார். நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.